வாசகர் கேள்வி – பதில்: புதிர் இரவு நடத்துவோருக்கு

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை இரவு பொது அறிவுப் புதிர்ப் போட்டி வைக்கிறோம். எட்டுக் குழுக்கள் வரும். எத்தனை கேள்வி தயார் செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு முடிப்பது? — வாசகர், சுங்கை சிப்புட்

50 கேள்வி போதும். சுற்றுக்குப் பத்தாக ஐந்து சுற்று. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசித்து எழுத அரை நிமிடம் விட்டால், கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகிறது. பத்தும் முடிந்தபின் குழுவுக்குள் பேசித் தீர்க்க மூன்று நிமிடம். பக்கத்து மேசையோடு தாளை மாற்றி விடை சொல்லித் திருத்த ஏழு நிமிடம். ஆகச் சுற்றுக்கு இருபது நிமிடம். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் விடுங்கள். எட்டரைக்குத் தொடங்கினால் பத்தரைக்குள் முடியும். சனிக்கிழமை காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) எழ வேண்டியவர்களும் கடைசிவரை இருப்பார்கள்.

குழுவுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தால் மூன்று பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் கைப்பேசியை நோண்டுவார்கள்.

கேள்விகளின் கடினமும் கலந்திருக்க வேண்டும். பத்தில் மூன்று எல்லாருக்கும் தெரிந்தவை, ஐந்து பாதிப் பேருக்குத் தெரிந்தவை, இரண்டு ஓரிரு குழுவுக்கு மட்டும் தெரிந்தவை. சுற்றின் முதல் கேள்வி மிக எளிதாக இருக்கட்டும். கடைசி இடத்துக் குழு சுற்றுக்கு நான்கு மதிப்பெண்ணாவது எடுக்காவிட்டால், சாப்பாட்டு நேரத்தோடு எழுந்து போய்விடும்.

போன முறை "மலேசியா எந்த ஆண்டு சுதந்திரம் அடைந்தது?" என்று கேட்டோம். ஒரு மேசை 1957 என்றது, இன்னொரு மேசை 1963 என்று எழுதிவிட்டுச் சண்டைக்கு வந்தது. யாருக்கு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்? — வாசகி, கோலகங்சார்

இரண்டு மேசைக்கும். பிழை கேள்வி எழுதியவருடையது. 31 ஆகஸ்டு 1957-இல் சுதந்திரம் பெற்றது மலாயாக் கூட்டரசு. சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது 16 செப்டம்பர் 1963. சிங்கப்பூர் பிரிந்தது 9 ஆகஸ்டு 1965. "மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு" என்றோ "மலேசியா உருவான ஆண்டு" என்றோ ஒரு சொல்லை மாற்றியிருந்தால் யாரும் மேசையைத் தட்டியிருக்க மாட்டார்கள்.

மண்டபத்தில் கிளம்பும் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். கேள்வியை எழுதி முடித்ததும் "வேறு விடை எழுதிவிட்டு ஒருவர் நியாயம் பேச முடியுமா?" என்று பாருங்கள். முடியும் என்றால் இடத்தையோ ஆண்டையோ அளவையோ கேள்விக்குள்ளேயே வைத்துக் கட்டுங்கள்.

சில மாதிரிகள். "நாட்டின் மிக நீளமான ஆறு எது?" என்றால் தீபகற்பத்தில் பிறந்து வளர்ந்தவர் யோசிக்காமல் பகாங் ஆறு என்பார், நாடு முழுவதற்கும் என்றால் சரவாக்கின் ராஜாங் ஆறு. மலையும் அப்படித்தான்: நாட்டுக்குக் கினபாலு (4,095 மீட்டர்), தீபகற்பத்துக்குத் தாஹான் (2,187 மீட்டர்). உலகின் நீளமான ஆறு நைலா அமேசானா என்று அளப்பவர்களே ஒத்துப்போகவில்லை. அந்தக் கேள்வியைத் தொடவே வேண்டாம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) பற்றிக் கேட்டால் "வணிக நோக்கில்" என்ற சொல் கட்டாயம். அலங்கார மரமாகச் செம்பனை அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நட்டதுதான் முதல் வணிகப் பயிர். ரப்பருக்கும் ஆண்டுக் குழப்பம் உண்டு. பிரேசிலிலிருந்து விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் விதை கொண்டுபோனது 1876, அதில் முளைத்த 22 கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தது 1877. எந்தப் பயணத்தைக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வயதான கேள்விகள். பள்ளிப் புத்தகத்தில் ஒன்பது கோள் படித்தவர்கள் இன்றும் ஒன்பது என்றே எழுதுவார்கள். புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்தது 2006-இல். சனிக் கோளுக்கு எத்தனை நிலா என்று கேட்பது அதைவிட ஆபத்து. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலாக்கள் கூடி 274 ஆயின. அடுத்த முறை நீங்கள் போட்டி வைப்பதற்குள் இன்னும் கூடலாம். எவரெஸ்டு 8,848 மீட்டர் என்று எழுதியவருக்கும், 2020-இல் அறிவித்த 8,848.86-ஐ எழுதியவருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

"நோபல் பரிசு பெற்ற தமிழர் யார்?" என்று கேட்டால் சி.வி. ராமன் என்பது ஒரே விடைதானே? — வாசகர், பாகான் டத்தோ

இல்லை. ராமன் (1930, இயற்பியல்), அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் (1983, இயற்பியல்), சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் (2009, வேதியியல்) என மூவர் இருக்கிறார்கள். துறையும் ஆண்டும் சேர்த்துக் கேளுங்கள். ராமனின் முழுப் பெயர் சந்திரசேகர வெங்கட ராமன் என்பதையும் மறக்க வேண்டாம். "சந்திரசேகர்" என்று மொட்டையாக எழுதிவிட்டு இரண்டு கேள்விக்கும் மதிப்பெண் கேட்கும் புத்திசாலி எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார்.

இதேபோல், எவரெஸ்டு ஏறிய முதல் மலேசியர் என்று ஒருமையில் கேட்பதைவிட இருவரையும் கேட்பது நல்லது. 23 மே 1997 அன்று மகேந்திரனும் மோகனதாசும் ஒரே நாளில் உச்சி தொட்டார்கள். ஆளுக்கு அரை மதிப்பெண். நம் மண்டபத்தில் இந்தக் கேள்விக்குக் கைத்தட்டலும் கிடைக்கும்.

தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது. பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராது. விடை எந்த மொழியில்? — வாசகி, தெலுக் இந்தான்

கேள்வி தமிழில், விடை எந்த மொழியிலும், எந்த எழுத்திலும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். ஊர்ப் பெயருக்குப் பழையது புதியது இரண்டையும் விடைத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1885-இல் நாட்டின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்த ஊருக்கு இன்று கோலசெப்பத்தாங் என்று பெயர். தாத்தா ஒன்று எழுதுவார், பேரன் ஒன்று எழுதுவான், இரண்டும் சரி.

கைப்பேசியில் தேடுகிறார்கள். எப்படித் தடுப்பது? — வாசகர், பகாவ்

மேசைக்கு ஒரு கூடை வைத்துக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, தேட முடியாத சுற்று ஒன்று வைப்பது. எண்ணிட்ட சின்ன டப்பாக்களில் சீரகம், சோம்பு, ஓமம், வெந்தயம், ஏலம், அன்னாசிப்பூ, கிராம்பு போட்டு வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். முகர்ந்துதான் சொல்ல வேண்டும். கிராம்பைக் கடைசியில் வையுங்கள். முதலில் வந்தால் மூக்கு அடைத்துப்போய் மற்றது எதுவும் தெரியாது. ஓமத்தை முந்தின நாளே இடித்து வைத்தால் மணம் போய்விடும், முழுசாகப் போட்டு அன்றைக்கே கசக்குங்கள். பால்மரம் சீவும் கத்தி, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), கோட்டுப்பால் (சீவிய கோட்டில் உறைந்த பால்) துண்டு ஆகியவற்றைப் பைக்குள் போட்டுத் தடவிச் சொல்லச் சொன்னால் பாட்டிமார்கள் ஜெயிப்பார்கள்.

படச் சுற்று வைப்பதானால் கொடிகள் வேண்டாம். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் அயர்லாந்தும் இத்தாலியும் ஒன்றாகிவிடும். வண்ணத்தில் எடுத்தாலும் இந்தோனேசியாவும் மொனாக்கோவும் சிவப்பு வெள்ளைதான்.

இரண்டு குழு சமமாக வந்தால்? — அதே வாசகர்

எண்ணில் விடை வரும் ஒரு கேள்வி. நெருங்கி வந்தவர் வெற்றி. பத்துமலைப் படி எத்தனை என்று கேட்காதீர்கள், 272 என்று இருவரும் எழுதி மறுபடி சமமாவார்கள். மெர்டேக்கா 118 (678.9 மீட்டர்), பெட்ரோனாஸ் கோபுரம் (451.9 மீட்டர்) இரண்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று கேட்கலாம்: 227 மீட்டர். இல்லையென்றால் ஒரு போத்தலில் ரப்பர் விதையை நிரப்பி எத்தனை என்று கேளுங்கள். முதலில் நீங்கள் இரண்டு முறை எண்ணிவிட வேண்டும்.

பரிசாகக் கோப்பையா, மளிகைக் கூடையா? — வாசகி, சுங்கை சிப்புட்

கூடை. கடைசி இடத்துக்கும் ஒரு பிஸ்கட் டின்.

மண்டபத்தில் மைக் ஊளையிடுகிறது. மழை வந்தால் தகரக் கூரையில் ஒன்றும் கேட்பதில்லை. — வாசகர், சுங்கை சிப்புட்

ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போவதால்தான் ஊளை. ஸ்பீக்கர்கள் வாசிப்பவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. மைக்கை வாய்க்கு இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்து, சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

மழைக்கு வேறு வழி. ஒவ்வொரு சுற்றின் பத்துக் கேள்வியையும் மேசைக்கு ஒரு தாளாக முன்கூட்டியே அச்சடித்து, சுற்று வாரியாக உறையில் ஒட்டி வையுங்கள். எட்டு மேசைக்கு ஐந்து சுற்று, மொத்தம் நாற்பது தாள். மழை பிடித்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சுற்றின் உறையைப் பிரித்துத் தாளை எல்லா மேசைக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். பதின்மூன்று நிமிடம் கழித்து மணி அடித்து வாங்குங்கள்.