பேரரசி வூவின் எழுத்து

கேள்வி: சூரியன், சந்திரன், வானம் மூன்றையும் சேர்த்துச் சீனப் பேரரசி வூ தன் பெயருக்கென்றே ஓர் எழுத்தை உண்டாக்கிக்கொண்டாராமே! ஒரு பெண்ணுக்கு இவ்வளவு ஆணவமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 'ஒரு பெண்ணுக்கு' என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். வூவுக்கு முன் சீனாவை ஆண்ட பேரரசர் தைசோங்கின் பெயரில் 'மக்கள்' என்று பொருள்படும் எழுத்து இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காக, அவர் இறந்தபின் 'மக்கள் துறை' என்ற அரசுத் துறையே 'குடும்பத் துறை' ஆனது. மன்னன் பெயரை மற்றவர் எழுதக்கூடாது என்பது அங்கே ஆண்கள் வகுத்த வழக்கம். வூவும் அதை விடவில்லை. அவர் பெயர் ஜாவ். 'அரசாணை' என்ற சொல்லும் அதே ஒலி என்பதால் ஆணைகளின் பெயரை மாற்றினார். ஆணவம் என்றால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுங்கள்.

எழுத்துக்கு வருவோம். சூரியனும் சந்திரனும் அருகருகே நின்றால் 'ஒளி'. அதன் கீழே 'வெளி, வானம்' என்ற எழுத்து. ஒளிவீசுதலைக் குறிக்க, அதே ஒலியில் பழைய எழுத்து ஒன்று முன்பே உண்டு. இது அதன் புது வடிவம். 689இல் வந்த 12 புதிய எழுத்துகளில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே அவர் அரியணை ஏறினார். சீனாவைத் தன் பெயரிலேயே பேரரசராக ஆண்ட ஒரே பெண் அவர்.

அந்தத் தொகுதியில் எனக்குப் பிடித்தது 'நாடு'தான். ஒரு சதுரம், உள்ளே 'எட்டுத் திசை'. முதலில் சதுரத்துக்குள் 'வூ' என்றே எழுதச் சொன்னார்களாம். சதுரத்துக்குள் மனிதனை வைத்தால் 'கைதி' என்று பொருள். வூவை அடைப்பதா என்று பதறித் திசைகளை வைத்தார்கள் என்பது கதை. 705இல் வூவின் ஆட்சி முடிந்ததும் இந்த எழுத்துகள் வழக்கொழிந்தன. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் மிட்டோ பிரபு தொகுகவா மிட்சுகுனி தன் பெயரில் இந்த 'நாடு' எழுத்தை எடுத்துக்கொண்டார். அங்கே இன்றும் அவர் பெயரை அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆணவம் என்றீர்களே, 1982இல் சீனாவின் சோங் மலையில் ஒரு தங்கத் தகடு கிடைத்தது. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். 700ஆம் ஆண்டில், முதிய வயதில், சீனாவின் தாவோ சமயத் தெய்வங்களுக்கு வூ அனுப்பிய விண்ணப்பம் அது. நீங்கள் குறிப்பிடும் அதே எழுத்து அதில் இருக்கிறது: பாவிகளின் பட்டியலிலிருந்து வூ ஜாவின் பெயரை நீக்கியருள வேண்டும் என்ற வரியில்.