பாஸ்பேட் எங்கிருந்து வந்தது? பாஸ்பரிகரணம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கைனேஸ், பாஸ்படேஸ், பாஸ்பாரிலேஸ் என்ற மூன்று நொதிகளையும் தேர்வில் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறேன். எளிதாகப் பிரித்தறிய வழி உண்டா?

பதில்: பெயரைப் பார்க்காதீர்கள். பாஸ்பேட் எங்கிருந்து வந்தது, பிணைப்பை உடைக்க உள்ளே புகுந்தது எது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். கைனேஸ், ஏடிபியின் (செல்லின் ஆற்றல் நாணயமான அடினோசின் டிரைபாஸ்பேட்) கடைசி பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறில் ஏற்றும். இதுதான் பாஸ்பரிகரணம். (தமிழில் எழுதும்போது டிரைபாஸ்பேட், டைபாஸ்பேட் இரண்டின் சுருக்கமும் ஒன்றுபோலவே வரும். இங்கே ஏடிபி என்றால் டிரைபாஸ்பேட்தான்.) பாஸ்படேஸ் நீரைப் புகுத்தி அந்த பாஸ்பேட்டைக் கழற்றும். ஆனால் அது கைனேஸ் வினையின் தலைகீழ் அல்ல: கழன்றது கனிம பாஸ்பேட்டாகப் போய்விடும், ஏடிபி திரும்பக் கிடைக்காது.

பாஸ்பாரிலேஸில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிளைக்கோஜன் என்பது உடல் சேமித்துவைக்கும் குளுக்கோஸ் சங்கிலி. கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் நீருக்குப் பதிலாகக் கனிம பாஸ்பேட்டைப் புகுத்தி, சங்கிலி நுனியில் உள்ள குளுக்கோஸை குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டாக வெட்டியெடுக்கும். ஏடிபி செலவே இல்லை. அதனால்தான் கிளைக்கோஜனிலிருந்து வரும் குளுக்கோஸ் கிளைக்கோலிசிஸில் (குளுக்கோஸைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் வழி) நிகரமாக 3 ஏடிபி தருகிறது, தனி குளுக்கோஸ் 2 தான் தருகிறது. தனி குளுக்கோஸில் பாஸ்பேட் ஏற்ற ஹெக்சோகைனேஸ் என்ற நொதி செலவழிக்கும் ஒன்று இங்கே மிச்சம்.

கேள்வி: அப்படியானால் 'பாஸ்பாரிலேஸ் கைனேஸ்' என்பது என்ன?

பதில்: பாஸ்பாரிலேஸ் என்ற நொதியின் மீதே பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ். 14ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றியதும், மந்தமான 'பி' வடிவம் செயல்படும் 'ஏ' வடிவமாகிறது. எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் இதைக் கண்டறிந்த வழியில்தான் மீள்தன்மையுள்ள புரத பாஸ்பரிகரணம் வெளிச்சத்துக்கு வந்தது. 1992இல் நோபல் பரிசு. சிட்ரிக் அமில சுழற்சியின் ஹான்ஸ் கிரெப்ஸ் வேறொருவர்.

கேள்வி: கிளைக்கோலிசிஸில் கிளிசரால்டிஹைடு-3-பாஸ்பேட் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறதே, அங்கே உருவாகும் ஏடிபி ஆக்ஸிஜனேற்ற பாஸ்பரிகரணத்தில் சேருமா?

பதில்: சேராது. அங்கே உருவாகும் 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் தன் பாஸ்பேட்டை அடினோசின் டைபாஸ்பேட்டுக்கு நேராகக் கைமாற்றுகிறது. அது தளப்பொருள் அளவிலான பாஸ்பரிகரணம். ஆக்ஸிஜனேற்ற வகையில் இப்படிக் கைமாற்றும் இடைப்பொருளே கிடையாது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைக் கடந்து திரும்பும் புரோட்டான்கள் ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சின்தேஸைச் சுழற்றுகின்றன. சவ்வு வழியே புரோட்டான்களைக் கசியவிடும் டைநைட்ரோஃபீனால் சேர்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: புரோட்டான் சரிவு கசிந்துவிடுவதால் ஆக்ஸிஜன் நுகர்வு கூடும், ஆனால் அந்த வழியில் ஏடிபி வராது. கிளைக்கோலிசிஸின் கைமாற்றம் அதுபாட்டுக்கு நடக்கும். ஒளிச்சேர்க்கையில் நடக்கும் ஒளி பாஸ்பரிகரணமும் சவ்வு வகைதான். ஆற்றல் மட்டும் ஒளியிலிருந்து.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காணும் சோதனை) மொத்தப் புரதம் நன்றாகத் தெரிகிறது, பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் பிடிக்கும் பாஸ்போ ஆன்டிபாடிக்கு மட்டும் பட்டை இல்லை. பின்னணி வேறு கறுத்துவிடுகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். பட்டை இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம், செல்லை உடைத்த கணத்திலேயே பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுவது. எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வையுங்கள். உடைக்கும் கரைசலில் 10 முதல் 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடும் (செரின், திரியோனின் பாஸ்படேஸ்களுக்கு), 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் (டைரோசின் பாஸ்படேஸ்களுக்கு) வேண்டும்.

வனடேட்டை அப்படியே கரைத்து ஊற்றினால் பயன் குறைவு. 200 மில்லிமோலார் கரைசலை பிஹெச் 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். அது பல வனடேட்கள் ஒட்டிய கூட்டு. நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறியதும் மீண்டும் பிஹெச் 10க்குச் சரிசெய்யுங்கள். பிஹெச் 10இல் நிறமற்றே நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கரைசல்களில் வழக்கமாகச் சேர்க்கும் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடிப்பது), டிடிடி (ஒடுக்கி) இரண்டும் வனடேட்டைச் செயலிழக்கச் செய்யும்.

பின்னணிக்கு முதலில், சவ்வின் வெற்றிடங்களை மூடப் பயன்படுத்தும் பால்பொடியைச் சந்தேகியுங்கள். பாலில் உள்ள கேசீன் ஒரு பாஸ்போபுரதம். சில பாஸ்போ ஆன்டிபாடிகள் அதையே பிடித்துக்கொள்ளும். 5 சதவீத ஆல்புமினுக்கு மாறுங்கள். கழுவ பாஸ்பேட் பஃபர் வேண்டாம், ட்ரிஸ் பஃபர் எடுங்கள்.

பட்டை வந்தபின், அது உண்மையில் பாஸ்போதானா என்று, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸால் சோதியுங்கள்: 30 டிகிரியில் 30 நிமிடம், 1 மில்லிமோலார் மாங்கனீஸுடன். இந்த மாதிரியில் மட்டும் தடுப்பான்களும் இடிடிஏவும் இருக்கக் கூடாது. பட்டை மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த ஆன்டிபாடியை நம்பி முடிவு எழுதாதீர்கள்.

கேள்வி: பாஸ்பேட்டின் நிறை 95, பாஸ்பேட் ஏறிய புரதத்தின் நிறை நிறமாலையில் (மூலக்கூறு நிறையை அளக்கும் முறை) ஏன் 80 மட்டும் கூடுகிறது?

பதில்: மாறிப் போவது பாஸ்பேட் அல்ல, பாஸ்போரைல் தொகுதி. பிணைக்கும் ஆக்ஸிஜன் செரினுடையதே. ஆகவே நிகர உயர்வு 79.966 டால்ட்டன். கருவிக்குள் மூலக்கூறை உடைக்கும்போது 98 குறைவதைக் கண்டால் பயப்பட வேண்டாம்: செரினின் ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கொண்டு பாஸ்பாரிக் அமிலமாக வெளியேறுகிறது. டைரோசினில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே சல்பேட் ஏறினாலும் 79.957 கூடும். இடைவெளி 0.01க்கும் கீழே, துல்லியம் குறைந்த கருவி இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.