மட்சுயேவுக்குப் போகலாமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஏப்ரல் தொடக்கத்தில் மனைவியோடு ஜப்பான் போகிறேன். டோக்கியோ, கியோட்டோ பார்த்தது போக இரண்டு நாள் மிஞ்சுகிறது. நீங்கள் மட்சுயே என்ற ஊரை அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். தேடிப் பார்த்தால் ஒரு கோட்டை, ஒரு ஏரி, அவ்வளவுதான். அதற்காக அத்தனை தூரம் போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகப் போங்கள். அந்த ஒரு கோட்டைக்கும் ஒரு ஏரிக்கும்தான் நானும் போனேன்.

ஜப்பானில் பல கோட்டைகள் பிற்காலத்தில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியவை. ஒசாகா கோட்டைக்குள் லிஃப்டே இருக்கிறது. பழைய மரக் கோபுரம் மிஞ்சி நிற்பது 12 ஊர்களில் மட்டும். மட்சுயே அதில் ஒன்று. 1875-ல் கோட்டையின் மற்றக் கட்டடங்களை இடித்து விற்றபோது கோபுரத்துக்கும் 180 யென் விலை படிந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பணத்தைத் திரட்டிக் கட்டி மீட்டார்கள்.

அதோடு கதை முடியவில்லை. 1950-ல் சட்டம் மாறியதும் 'தேசியப் பொக்கிஷம்' என்ற தகுதி கைவிட்டுப் போனது. அதைத் திரும்பப் பெற, கட்டிய ஆண்டுக்கு உறுதியான சான்று வேண்டியிருந்தது. 2012-ல் ஊரில் உள்ள ஒரு கோயிலில் 1611-ஆம் ஆண்டைக் குறிக்கும் இரண்டு வேண்டுதல் பலகைகள் கிடைத்தன. பலகையில் இருந்த ஆணித் துளைகள் கோபுரத்தின் கீழ்த்தளத் தூண்களில் இருந்த துளைகளோடு அப்படியே பொருந்தின. 2015-ல் தகுதி திரும்பியது. மேலே ஏறும் அவசரத்தில் அந்தத் தூண்களை விட்டுவிடாதீர்கள். பல தூண்களைச் சுற்றிப் பலகை வைத்து, பீப்பாய்க்குப் போடுவதுபோல இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். அதையும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கோட்டை அகழியில் படகு ஓடுகிறது. தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையையே இறக்குவார்கள். எல்லோரும் குனிய வேண்டும். உங்கள் மனைவிக்கு நிச்சயம் பிடிக்கும். அகழியின் வடகரையில் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் குடியிருந்த வீடு இருக்கிறது. 1890-ல் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர், இந்த ஊர்ப் பெண்ணை மணந்து கொய்சுமி யாகுமோ என்ற பெயரோடு ஜப்பானியராகவே ஆனார். சின்ன வீடுதான், ஆனால் தோட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

ஷிஞ்சி ஏரியில் நன்னீரும் உப்புநீரும் கலக்கின்றன. அதனால்தான் ஷிஜிமி என்ற குட்டி மட்டி அங்கே செழிக்கிறது. காலையில் சின்னப் படகுகளில் நின்று, நீளக் கழியில் கட்டிய இரும்புக் கூடையால் ஏரியின் அடியை வாரி எடுப்பார்கள். விடுதியில் காலை உணவோடு வரும் மிசோ (சோயா விழுது) சூப்பில் அது ஓட்டோடு கிடக்கும். ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான். ஓடுகளைப் பொறுமையாக ஒதுக்கிவிட்டுக் குடித்துப் பாருங்கள்.

சரி, வழி. ஒகயாமாவில் புல்லட் ரயிலிலிருந்து இறங்கி யாகுமோ என்ற விரைவு ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள். ஏரிக்கரைக் கலை அருங்காட்சியகத்தை மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மூடுகிறார்கள். நீங்கள் போகும்போதும் அப்படித்தான் இருக்கும். ஏரியில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டிய அந்த நேரத்துக்குத் திரும்பும் ரயிலில் சீட்டு எடுத்துவிடாதீர்கள்.