மாடித் தோட்டத்தில் தக்காளி, கத்தரி, வெண்டைக்கு நடுவே செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராதாமே, உண்மையா? வேறு என்ன பூச்செடி சேர்க்கலாம்?

வரும். செண்டுமல்லி வாசத்துக்குப் பூச்சி ஓடிவிடும் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். தக்காளியில் நடப்பது நேர்மாறு. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லி மொட்டும் பூவும் என்றால் அவ்வளவு இஷ்டம். தக்காளியை விட்டுவிட்டு அங்கே போய் முட்டையிடும். இதைப் பொறிப்பயிர் என்பார்கள். விரட்டுவதற்கு அல்ல, வரவழைக்கத்தான் வைக்கிறோம்.

அதற்குத் தக்காளி பூக்கும் நேரத்தில் செண்டுமல்லியும் மொட்டு விட்டிருக்க வேண்டும். பலருக்கும் பிசகுவது இங்கேதான். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வயலுக்குச் சொல்லும் கணக்கு, 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. நடும்போது தக்காளி நாற்றுக்கு 25 நாள், செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள் வயது. மாடியில் வரிசைக்கெல்லாம் எங்கே போவது? செண்டுமல்லி விதையைத் தக்காளிக்கு மூன்று வாரம் முன்னால் போட்டுவிடுங்கள், போதும். மாலை கட்டுகிற, உயரமாக வளரும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், காலையில் தண்ணீர் ஊற்றும்போது பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதழடியில் கருமணல் போல எச்சம் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது. பூவோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று பாவம் பார்த்தால் அந்தச் செடியே புழுப் பண்ணையாகிவிடும். கோடையில் இலை வெளிறிப் புள்ளி புள்ளியானால் செஞ்சிலந்தி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது செடியையே பிடுங்கிவிடுவது நல்லது.

மண்ணில் இருந்துகொண்டு வேரை முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் வேர்முடிச்சு நூற்புழுவைச் செண்டுமல்லி வேர் அடக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த மண்ணில் ஒரு பருவம் முழுக்க நெருக்கமாக வளர்த்தால்தான் பலன். மூலைக்கு ஒரு செடி வைத்து ஒன்றும் ஆகாது.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு இதை நம்ப வேண்டாம். வாடித் தொங்கும் நுனியைக் கொஞ்சம் கீழே சேர்த்துக் கிள்ளி எறிவதுதான் வழி.

வெண்டையில் சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சியான அசுவினி தொல்லை என்றால் என் ஓட்டு கொத்தமல்லிக்கும் தட்டைப்பயறுக்கும்தான். கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்தப் பொடி வெள்ளைப் பூவுக்கு வரும் மலர் ஈயின் புழு அசுவினியைத் தின்னும். தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி அப்பும், பதறி மருந்தடிக்காதீர்கள். அதைத் தேடி வரும் பொறிவண்டு பக்கத்து வெண்டைக்கும் தாவும்.

சேர்க்கவே கூடாதது செம்பருத்தி. வெண்டையும் அதுவும் ஒரே குடும்பம், மாவுப்பூச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். நடுவில் தூக்கிச் சுமக்க எறும்பு வேறு இருக்கிறது. பூஜைக்குப் பூ வேண்டும் என்றால் செம்பருத்தியைக் கீழே வாசல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.