கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி

கேள்வி: தை மாதம் என் மூத்த மகனுக்குக் கல்யாணம். அதற்கு முன் பம்பை, உடுக்கை வைத்துப் பூவாடைக்காரியை, அதாவது வீட்டில் இறந்துபோய்த் தெய்வமாகக் கும்பிடும் பெண்ணை, அழைக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். அவர் சொல்வது, பதினேழு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்ட என் நாத்தனாரை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனோ, "பாட்டிக்கு இது மனவியாதி, பணம் தரமாட்டேன்" என்கிறான். நான் யார் பக்கம் நிற்பது அம்மா?
- ஒரு வாசகி, செஞ்சி

பதில்: மாமியார் பக்கம் நில்லுங்கள் தங்கச்சி.

எனக்கும் விழுப்புரம் பக்கம்தான். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் சின்ன அத்தை. ஏரிக்கரையில் பம்பைக்காரர் பாடிப் பாடி அழைத்தாலும் லேசில் வரமாட்டாள். வந்தால் சொந்தத்தில் யார் மேலாவது இறங்கி, "காய்ச்சல்ல கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிப் போகல?" என்று கேட்பாள். அத்தையைப் பெற்ற எங்கள் ஆயா அந்த ஈரக்கரையில் உட்கார்ந்து, வண்டி கிடைக்காத கதையை அழுதுகொண்டே சொல்லும். அப்புறம்தான் அத்தை மனசு இறங்கி, கல்யாணத்துக்குத் துணை இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பாள். புதுப்புடவை, வளையல், மஞ்சள் குங்குமம் வைத்து வீட்டில் படைப்போம்.

செத்தவள் நிஜமாகவே வருகிறாளா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சாமி வந்தவர் வாயிலிருந்து வருவது, அந்தக் குடும்பம் வருஷக்கணக்காக வாய்விட்டுப் பேச முடியாமல் வைத்திருந்த பேச்சு. அதைப் பேசவும், பதில் சொல்லவும், சொந்தபந்தம் கூடி நின்று கேட்கவும் ஒரு நாள் இருக்கிறது. மனநல ஆலோசகராக என் அறையில் நான் செய்யப் பார்ப்பதும் இதைத்தான். ஏரிக்கரையில் அது இன்னும் நன்றாக நடக்கிறது.

மகன் சொல்லும் "மனவியாதி"க்கு ஒரு பழைய வேர் உண்டு. இறந்தவர் மேல் வைத்த பிடிப்பை மனம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று 1917-ல் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதினார். விடாதவர்களை நோயாளிகளாகப் பார்க்கும் வழக்கம் அதன்பின் வலுத்தது. ஆனால் 1920-ல் அவருடைய மகள் சோஃபி 26 வயதில் இன்ஃப்ளூயன்ஸாவில் இறந்தாள். ஒன்பது வருஷம் கழித்து, அவளுக்கு 36 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பரான மனநல மருத்துவர் பின்ஸ்வாங்கருக்கு ஃபிராய்ட் கடிதம் எழுதினார். இதற்கு ஆறுதலே கிடையாது, அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதும் சரிதான், நாம் விட விரும்பாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்கிறது அந்தக் கடிதம். உங்கள் மாமியார் சொல்வதும் வேறில்லை. பிற்பாடு, 1996-ல் துக்கத்தை ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸும் மற்றவர்களும் தொகுத்த ஆய்வுகள், இறந்தவரோடு உறவைத் தொடர்வது இயல்பானதே என்று வாதிட்டன. வீட்டு மாடத்தில் முன்னோருக்குச் சோறும் தண்ணீரும் வைக்கும் ஜப்பானியர் வழக்கத்தையும் கிளாஸ் அதில் எடுத்துப் பேசினார்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். "படைக்காவிட்டால் மருமகளுக்குக் குழந்தை தங்காது" என்று யாராவது பயம் காட்டிப் பணம் கேட்டால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பயம் வரப்போகும் பெண்ணின் தலையில்தான் விழும்.

மகனை ஒரு நாள் பாட்டியோடு உட்காரச் சொல்லுங்கள். அத்தைக்கு என்ன நிறம் பிடிக்கும், எந்தப் பாட்டை முணுமுணுப்பாள் என்று அவன் கேட்கட்டும். படைக்கிற புடவையையும் அவனே எடுக்கட்டும். பம்பைக்காரருக்கு இப்போதே வெற்றிலை பாக்கு வைத்துவிடுங்கள். தையில் ஆள் கிடைப்பது சிரமம்.