NFL (அமெரிக்கக் கால்பந்து லீக்): மூன்று அணியும் 3-14 (3 வெற்றி, 14 தோல்வி), டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு மட்டும் ஏன் டைட்டன்ஸுக்கு?

எதிரணிகளின் மொத்த வெற்றி விகிதம் டைட்டன்ஸுக்குத்தான் குறைவு, அதனால்தான். 2024 பருவத்தில் டைட்டன்ஸ், பிரவுன்ஸ், ஜயண்ட்ஸ் மூன்றும் 3-14. வெற்றி-தோல்விப் பதிவு சமமானால், யாருடைய எதிரணிகள் பலவீனமோ அவர்களுக்கே முன்னிடம். சுலபமான ஆட்டங்களிலும் தோற்ற அணிக்குத்தான் உதவி அதிகம் தேவை; எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

“ஜயண்ட்ஸ் பிரவுன்ஸை 21-15 என்று வென்றதே, அது கணக்கில் இல்லையா?” என்கிறீர்கள். பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்கள்) விதியை இங்கே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் நேருக்கு நேர் முடிவு முதலில் வரும்.

நீங்களே கூட்டிப் பாருங்கள்:

1. டைட்டன்ஸின் பிரிவு (லீக்கில் அது இருக்கும் நான்கு அணிக் குழு) எதிரணிகள்: டெக்சன்ஸ் 10, கோல்ட்ஸ் 8, ஜாகுவார்ஸ் 4 வெற்றி. ஒவ்வொன்றோடும் இரண்டு ஆட்டம், ஆகவே இரண்டு முறை கூட்டுங்கள்: 44.
2. மற்ற 11 எதிரணிகளின் வெற்றிகள் 107. மொத்தம் 151.
3. அதை 289 ஆல் (டைட்டன்ஸின் 17 ஆட்டம் × ஒவ்வொரு எதிரணியும் ஆடிய 17 ஆட்டம்) வகுத்தால் .522.

இதே கணக்கில் பிரவுன்ஸுக்கு 155, ஜயண்ட்ஸுக்கு 160. உங்களுக்கு டைட்டன்ஸ் 129 என்று வந்திருந்தால், பிரிவு அணிகளை ஒரே முறை கூட்டியிருக்கிறீர்கள். பலரும் தடுக்குவது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: இந்த வரிசை முதல் சுற்றுக்கு மட்டும். சமநிலை அணிகள் அடுத்த சுற்றுகளில் சுழலும். இரண்டாம் சுற்றில் பிரவுன்ஸ் முதலில், டைட்டன்ஸ் மூன்றாவது. அந்தத் தேர்வுகளில் சில கைமாறியதால் பட்டியலில் வேறு அணியின் பெயர் இருக்கும்.