ஆகஸ்டில் சாத்திய கதவு

அன்புள்ள அக்கா,

நான் வியாசர்பாடி. பி.காம். மூன்றாம் வருஷம். ஆப்பிரிக்காவோடு வியாபாரத்தைப் பெருக்க வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் சீனா எங்கேயோ போய்விட்டது. வரியைக் குறைத்தால் சரியாகிவிடுமா? அவ்வளவு தூரத்திலிருந்து நாம் அப்படி என்ன வாங்குகிறோம்?

தினேஷ்

அன்புள்ள தினேஷ்,

சீனா கிடக்கட்டும். உன் கடைசிக் கேள்விதான் சுருக்கென்றது. ஹார்பர் போகிற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சைக்கிள் ஓட்டி வளர்ந்த பிள்ளை இதைக் கேட்கலாமா? உங்கள் வீட்டு சாம்பாரில் இன்றைக்குக் கொதித்த பருப்பே தான்சானியாவிலோ மொசாம்பிக்கிலோ விளைந்ததாக இருக்கலாம் தம்பி.

தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு மாமா பருப்பு புரோக்கர். சட்டைப்பையில் எப்போதும் துவரை சாம்பிள் பொட்டலம் இருக்கும். இரண்டு மணியை எடுத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, பல்லில் அமுங்கினால் ஈரம். ஒரு துவரையைக் காட்டி ‘அருஷா’ என்பார். அது தான்சானியாவில் ஒரு ஊர் என்று எனக்குத் தெரிந்ததே காலேஜ் போன பிறகுதான்.

2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. நீங்கள் விளைவியுங்கள், நாங்கள் வாங்குகிறோம் என்று 2016-ல் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டோம். அந்தப் பருவம் நம் நாட்டிலேயே விளைச்சல் ஏறக்குறைய இரட்டிப்பாகி விலை சரிந்தது. உடனே 2017 ஆகஸ்டில், வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் துவரை உள்ளே வரக்கூடாது என்று அறிவிப்பு. ஆகஸ்ட் அங்கே அறுவடைக் காலம்! மொசாம்பிக்குக்காவது ஒப்பந்த அளவுக்கு விலக்கு இருந்தது, தான்சானியாவுக்கு அதுவும் இல்லை. அவர்கள் துவரையைப் பெரும்பாலும் நமக்காகத்தான் போடுகிறார்கள், நாம் வாங்கவில்லை என்றால் யாரிடம் போய் விற்பார்கள்? அந்த மாதம் மாமாவின் போன் ராத்திரி பதினோரு மணிக்கு அடிக்கும், அருஷாவிலிருந்து. முதலில் எடுத்துப் பேசினார். அப்புறம், அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

வரி என்று கேட்டாயே, பின்தங்கிய நாடுகளுக்கு 2008-லேயே வரிச்சலுகை அறிவித்தாயிற்று, இந்த இரண்டு நாடும் அதில் உண்டு. சலுகையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் எவன் நம்புவான்? கர்நாடகத்தில் துவரை போடுகிற கலபுரகி விவசாயியைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அவர் வயிறும் வயிறுதான். ஆனால் மாதக்கணக்கில் நிலத்தில் நிற்கிற பயிர் அது, ஆப்பிரிக்காவில் நம் கார்த்திகை, மார்கழி வாக்கில் விதைக்கிறார்கள். வேண்டாமென்றால் விதைக்கு முன்னால் சொல்லுங்கள். 2021 மே மாதம் கதவைத் திறந்தோம், சரி, அதையும் அடுத்த மார்ச் வரை, அடுத்த மார்ச் வரை என்று நீட்டிக்கொண்டே போனால் அந்த ஆப்பிரிக்க விவசாயி எதை நம்பி ஏர் பூட்டுவார்?

சனிக்கிழமை கொத்தவால்சாவடிப் பக்கம் போ. ஏதாவது ஒரு பருப்புக் கடை வாசலில் நின்று, மூட்டையில் கையை விட்டு, இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேள். கேட்டதை எனக்கு எழுது.